சந்தனப் பொட்டு வைத்த சர்வர்

அடுத்தவர் வலைப்பூவை அவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓட வைத்துக் கொடுப்பது என் தொழில். ஓடினால் நான் ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது, நின்றால் நான்தான் குற்றவாளி. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்காவது ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடியில் ஒற்றை அறைதான் என் ஆபீஸ். கீழே கருவாட்டுக் கடை. வாடிக்கையாளர்கள் பலர் இருந்தாலும் என் ரத்தக் கொதிப்புக்கு முழுப் பொறுப்பு தனலட்சுமி மதாம் ஒருவர்தான். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் காலமான பிறகு மதாமுக்குப் பென்ஷன் வருகிறது. அது தொடர்ந்து வரவேண்டுமானால், 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று வருடா வருடம் ஒரு பிரெஞ்சு ஃபாரத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். ஒரு கட்டம் தப்பினாலும் ஃபாரம் திரும்பி வரும், பென்ஷன் நிற்கும். நிரப்பித் தருகிறேன் என்று புரோக்கர்கள் இப்படிப் பென்ஷன் வாங்கும் வயதான பெண்களைப் பிடுங்கித் தின்பதைப் பார்த்துப் பொறுக்காமல், எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று மதாம் தமிழில் எழுதிப் போட ஆரம்பித்ததுதான் அந்த வலைப்பூ. "ஊரான் வீட்டுப் பொட்டியில எங்க சங்கதி எதுக்கு?" என்று, ஹாலில் டி.வி.க்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டரையே சர்வராக வைத்துக்கொண்டார். காரியம் நல்ல காரியம். அதனால்தான் வேலையை விட்டு ஓடவும் முடியவில்லை.

பாஸ்வேர்டு

"சரியாத்தான் அடிக்கறேன் தம்பி."

"சரியா அடிச்சா தொறக்கும் மதாம்!"

போனில் இதே வசனம் மூன்று நாள். ஐந்து தடவை தப்பாக அடித்தால் கதவை அடைத்துவிடும்படி நானே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். அது அடைக்க அடைக்க நான் திறந்துவிட வேண்டும். எத்தனை தடவை கத்தினேன் என்று கணக்கில்லை. கீழே கருவாட்டுக்காரர் மாடியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் எழுதுகிற லேப்டாப் பிரான்சிலிருந்து மகள் அனுப்பியது. அந்த நாட்டுக் கீபோர்டில் ஏயும் க்யூவும் இடம் மாறி இருக்கும். தமிழ் டைப் போட்டுத் தருகிறேன் பேர்வழி என்று, உள்ளே எல்லாவற்றையும் நான் நம்மூர் வரிசைக்கு மாற்றி வைத்திருந்தேன். மதாம் ஏவைப் பார்த்து ஏவைத்தான் அழுத்துகிறார். உள்ளே விழுவது க்யூ. திரையில் தெரிவதோ வெறும் கறுப்புப் புள்ளி. அவர் பதிலுக்குக் கோபப்பட்டிருந்தாலாவது சமாதானமாக இருந்திருக்கும். அவர் நிதானமாகச் சொன்னார்: "பிரான்சுல எல்லாரும் இப்பிடித்தான் அடிக்கறாங்க. நீதான் எழுத்தை மாத்தி வெச்சிருக்கே."

வெள்ளைத் திரை

ஜூலை பதினாலு, பிரான்சின் தேசிய தினம், எங்கள் ஊர் சொல்தா வீடுகளில் இன்றைக்கும் பண்டிகைதான். அதற்காக மதாம் தானே ஒரு பிளக்கினை, அதாவது தளத்தோடு ஒட்டவைக்கும் குட்டிப் புரோகிராமை, தேடிப் பிடித்துப் போட்டுவிட்டார். பக்கத்தைத் திறந்தால் நீலம், வெள்ளை, சிவப்பு என்று பிரெஞ்சுக் கொடி நிறத்தில் காகிதப் பூ கொட்டுமாம். கொட்டவில்லை. தளமே படுத்துவிட்டது, திறந்தால் ஒரே வெள்ளை. என்னைக் கேட்காமல் எதையும் போடாதீர்கள் என்று அவர் வீட்டுக் காலண்டரிலேயே எழுதி ஒட்டியிருந்தேன். அதன்மேல் பால் கணக்கு எழுதியிருந்தார்.

பிளக்கின் ஃபோல்டரின் பெயரை மாற்றியதும் தளம் எழுந்து உட்கார்ந்தது. இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அரை மணி நேரம் போனில் நான் குதித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மதாம் சொன்னார்: "வெள்ளைதான் வந்துடுச்சே. நீலத்தையும் சிவப்பையும் மட்டும் கொண்டாந்து குடு தம்பி."

சிவப்பு எச்சரிக்கை

இணைய இணைப்புக்காரன் வந்து ரௌட்டரை மாற்றிவிட்டுப் போனான். போகிற போக்கில், தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் தானாகப் புதுப்பித்துக்கொள்ள நான் விட்டிருந்த வழியையும் அடைத்துவிட்டான். சான்றிதழ் காலாவதி ஆனதும், திறப்பவர்களுக்கெல்லாம் 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பாக வந்தது. புரோக்கர் ஒருவன் விடுவானா? அந்தப் பக்கத்தைப் போலீஸ் முடக்கிவிட்டது என்று தெருத் தெருவாகச் சொல்லிவிட்டான். நேரில் கிடைத்திருந்தால் அடித்தே இருப்பேன்.

ரௌட்டரைச் சரி செய்துவிட்டு, இந்தச் சான்றிதழை மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பித்தே ஆகவேண்டும் என்று மதாமுக்கு விளக்கினேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "எழுபத்திரண்டு வயசு, எனக்கே வருசத்துக்கு ஒருக்காதான் உசுரோட இருக்கியான்னு கேக்கறாங்க. இதுக்கு இன்னா மூணு மாசத்துக்கு ஒருக்கா?"

ஆயுத பூஜை

இதை எழுதும்போது இப்போதும் கீபோர்டை ஓங்கித்தான் குத்துகிறேன்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். சுத்தியலுக்கும் தையல் மெஷினுக்கும் அது சரி. மதாம் என்ன செய்தார் என்றால், ஓடிக்கொண்டிருந்த சர்வரின் பிளக்கை அப்படியே பிடுங்கி, ஈரத் துணியால் துடைத்து, அதன் காற்றாடித் துளைகளுக்கு நேராகச் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, தலையில் பொரிகடலைத் தட்டையும் ஏற்றிவிட்டார். மறுநாள் பிளக்கைச் சொருகினால் டேட்டாபேஸ் சிதைந்து கிடக்கிறது.

அந்த வருட ஃபாரம் புதிது. கட்டங்களையெல்லாம் மாற்றியிருந்தார்கள். மகளிடம் போனில் கேட்டுக் கேட்டு இரண்டு மாதம் உட்கார்ந்து மதாம் எழுதிய பக்கம் அதில்தான் இருந்தது. ஃபாரத்தைத் தபாலில் சேர்க்க இன்னும் ஒன்பதே நாள். பக்கம் திறக்காவிட்டால் அத்தனை பேரும் மறுபடி அந்தப் புரோக்கரிடம்தான் போய் நிற்பார்கள். தட்டிலிருந்த பொரி சிதறும்படி நான் மேசையைத் தட்டினேன். மதாம் குனிந்து பொரியைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்: "மனுசனுக்கே லீவு உண்டு, அதுக்கு ஒரு நாள் வேணாமா?"

பேக்கப் எங்கே?

தினமும் ஒரு நகல் பென் டிரைவில் தானாக விழும்படி செய்திருந்தேன். சர்வரின் பின்பக்கம் பார்த்தால் பென் டிரைவைக் காணோம். ஐந்து மாதத்துக்கு முன்பே மதாம் அதைக் கழற்றி, மஞ்சள் துணியில் முடிந்து, பீரோவில் பூட்டியிருந்தார். ஐந்து மாதமாக நகல் எங்கும் விழவில்லை. அதில் இருந்தது பழைய ஃபாரத்துக்கான பக்கம்தான், புதியது இல்லை. ஏன் எடுத்தீர்கள் என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்: "முக்கியமானதுன்னு நீதானே சொன்னே. முக்கியமானத நகையோட வெக்காம வெளியிலயா தொங்க உடுவாங்க?"

ஏழாவது கட்டம்

மறுநாள் காலை என் மாடியேறி ஒரு பெண் வந்தார். பெயர் அஞ்சலை, குருசுக்குப்பத்துக்காரர், மார்க்கெட்டில் மீன் விற்பவர். அவருடைய அம்மா சொல்தா பென்ஷன் வாங்குகிறவர். "பக்கம் அழிஞ்சிபோச்சின்னு மதாம் அழுவுறாங்க" என்று சொல்லி, பிளாஸ்டிக் கவரிலிருந்து நான்கு தாள்களை எடுத்து வைத்தார். மதாமின் புதிய பக்கம், ஒரு வரி குறையாமல், ஜெராக்ஸ்! படிக்கத் தெரிந்த ஒருவர் பிரிண்ட் எடுக்க, மார்க்கெட் ஜெராக்ஸ் கடையிலிருந்து அது வீடு வீடாகப் போயிருக்கிறது.

நிம்மதியாகப் பெருமூச்சு விட்டவன், மூன்றாம் தாளைப் பார்த்ததும் நிமிர்ந்தேன். ஏழாவது கட்டத்துக்கு மதாம் 'கணவர் பெயர்' என்று எழுதியதைச் சிவப்புப் பேனாவால் அடித்து, 'அப்பா பெயர்' என்று திருத்தியிருந்தது. மதாம் சொன்னபடி எழுதியதால் ஒரு மாதத்துக்கு முன்பு தன் அம்மாவின் ஃபாரம் திரும்பி வந்ததாகவும், திருத்தி அனுப்பிய பிறகே ஏற்றுக்கொண்டதாகவும் அஞ்சலை சொன்னார். தெரிந்தவர்கள் எல்லாருடைய தாளிலும் அவரே திருத்திக் கொடுத்திருக்கிறார். தளத்தை மட்டும் நம்பியவர்கள் தப்பாகத்தான் அனுப்பியிருப்பார்கள். அன்று மாலைக்குள் திருத்தத்தோடு முழுவதையும் தட்டச்சு செய்து, எட்டு நாள் மிச்சமிருக்கும்போதே பக்கத்தை ஏற்றிவிட்டேன். அனுப்பியவர்கள் திருத்தி மறுபடி அனுப்பட்டும் என்று மேலேயே கொட்டை எழுத்தில் போட்டேன்.

ஆனால் காலையில் அந்தத் தாளைப் பார்த்த நிமிடம் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மாதமாகத் தெரிந்த தப்பை ஏன் எங்களிடம் சொல்லவில்லை, பக்கத்தின் அடியிலேயே என் நம்பர் இருக்கிறதே என்று கத்தினேன். அஞ்சலை கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "நம்பரப் பாத்தோம் சார். மதாம் எழுதுனதத் தப்புன்னு அவங்களாண்டயே சொல்ல மனசு வரல. போன் பண்ணா இந்த மாதிரிதான் கத்துவீங்கன்னு மதாம் சொன்னாங்க, அதான் யாரும் பண்ணல."

பாஸ்வேர்டு முதல் டேட்டாபேஸ் வரை எல்லாவற்றையும் ரிப்பேர் செய்துவிட்டேன் சக பாவிகளே, ரிப்பேருக்கு மிச்சமிருப்பது போனில் கத்தும் என் வாய் ஒன்றுதான், அது அழிந்தால் அழியட்டும், அதற்கு மட்டும் பேக்கப் வேண்டாம்.