ஹொசகோட்டையில் ஒரு பழைய புல்டோசரும் அதன் வலது பிரேக்கும்

ஹொசகோட்டைக்குச் சுற்றிப் பார்க்க யாரும் போவதில்லை. நாங்களும் போனது ஒரு பழைய புல்டோசரைப் பார்க்கத்தான். பெங்களூரிலிருந்து அந்தப் பக்கம் பழைய மெஷின் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். போனது 2007 பிப்ரவரியில், ஒரு வெள்ளிக்கிழமை. எழுத மூன்று வாரம் தாமதம். வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் பதினோரு வருடமாக மற்றவர்களுடைய புல்டோசரை ஓட்டுகிறார். சொந்தமாக ஒன்று வாங்கி, வரும் திங்கட்கிழமை கோலார் பக்கம் மலைச்சரிவில் பாதை வெட்டும் வேலையில் இறங்குவதாகப் பேசி வைத்திருந்தார். ‘சரிவு’ என்ற வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நானும் வருகிறேன் என்றேன்.

“புல்டோசர் பாக்கறதுக்குக் கைக்குழந்தையத் தூக்கிட்டு யாராவது வருவாங்களாடி?” என்றார். வந்தேன்.

ஈஜிபுராவில் காலை 7.40க்குக் கிளம்பினோம். வாடகை ஆம்னி, போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 850 ரூபாய். தொம்மலூர் சிக்னலைத் தாண்டவே இருபது நிமிடம் ஆனது. கே.ஆர்.புரம் தொங்குபாலத்துக்கு அடியில் அந்தோணி அண்ணன் ஏறிக்கொண்டார். லிங்கராஜபுரத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். இவரும் அவரும் கோலார் தங்கவயலில் ஒரே பள்ளிக்கூடம். ஹொசகோட்டை தாண்டி மாலூர் சாலையில் நான்கு கிலோமீட்டர் போனால் வலப்பக்கம் பழைய மெஷின் விற்கும் அந்த யார்டு. மொத்தம் 34 கிலோமீட்டர். சேர்ந்தபோது மணி 9.20.

புல்டோசர் புது மஞ்சள் பெயின்ட்டில் பளபளத்தது. “இவ்ளோ பவுடர் போட்டா மூஞ்சியில என்னமோ மறைக்கறாங்கன்னு அர்த்தம் மச்சான்” என்றார் அந்தோணி அண்ணன். யார்டுக்காரர் மஞ்சண்ணா சிரித்தபடியே ஏறி, சமதரையில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினார். இரண்டு பக்கச் செயின்களுக்கும் தனித்தனியாக பிரேக் பெடல். இரண்டையும் மிதித்ததும் மெஷின் நின்றது. இவர் முகம் மலர்ந்துவிட்டது.

“சரிவுல நிக்குமா?” என்று கேட்டேன்.

“மேடம், இது ஸ்கூட்டி அல்லா. நேத்துதான் பிரேக் டைட் பண்ணிருக்கு” என்றார் மஞ்சண்ணா. “சார், பேகா பேகா, சீக்கிரம். பத்தரைக்கு ராவுகாலம். அதுக்குள்ள பழம் வச்சு ஏத்தி, அட்வான்ஸ் கொடுத்துடுங்க.”

இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். செயினுக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கி, பணம் கைமாறிவிட்டால் மெஷின் உங்களுடையது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல் பன்னிரண்டு வரை யாரும் கொடுக்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். மணி 10.08. முன்பணம் என் தோள்பையில், குழந்தை நந்தனின் துணிகளுக்கு அடியில் இருந்தது.

“குழந்தைக்குப் பசி” என்று சொல்லி, பையோடு வேனுக்குள் போய், கண்ணாடியில் துண்டை மாட்டிக்கொண்டேன். நந்தன் பத்து நிமிடத்தில் குடித்து முடித்துவிட்டான். நான் இறங்கவில்லை. பால் கொடுக்கிறவளிடம் வந்து எந்த ஆம்பிளையும் பணம் கேட்க மாட்டான். வெளியே இவர் இரண்டு முறை இருமினார், ஒரு முறை கூப்பிட்டார். 10.34க்கு இறங்கினேன். இவர் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

“ஆயித்து, இனிமே பன்னண்டுக்குத்தான்” என்று மஞ்சண்ணா அலுத்துக்கொண்டார்.

“எனக்கு ராகுகாலமும் இல்ல, எமகண்டமும் இல்ல” என்று அந்தோணி அண்ணன் சீட்டில் ஏறினார். “சும்மா ஒக்காந்து உங்க மூஞ்சியப் பாக்கறதுக்கு அந்த மண்ணயாச்சும் தள்றேன்.”

ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளினார். பிறகு யார்டின் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்குக் கிடந்த மண்மேட்டில் ஏற்றி, முகம் கீழே பார்க்க நிறுத்தினார். முன்னால் மண் தள்ளும் பிளேடைத் தரையில் இறக்கிவிட்டு, கீழே யாரும் நிற்கக் கூடாது என்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளி நிற்கவைத்தார். “ஓட்டப் போறது நான்தானே” என்று இவர் ஏறினார். நான் நந்தனை இறுக்கிப் பிடித்ததில் அவன் சிணுங்கினான்.

பிளேடு உயர்ந்தது. மெஷின் மெதுவாக இறங்கியது. பாதியில் இவர் இரண்டு பெடலையும் மிதிப்பது தெரிந்தது. இடது செயின் நின்றது, வலது செயின் நிற்கவில்லை. அவ்வளவு பெரிய இரும்பு முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு, சரிவுக்குக் குறுக்காகச் சாய்ந்தபடி நழுவியது.

“பிளேடப் போடு! பிளேடப் போடுறா!” என்று அந்தோணி அண்ணன் கத்தினார்.

பிளேடு மண்ணில் குத்தியது. மெஷின் ஒரு குலுக்கலோடு நின்றது. எஞ்சினை அணைத்த பிறகும் இவர் இறங்கவில்லை. வலது கால் அந்தப் பெடலை அடிவரை மிதித்தபடியே இருந்தது.

அந்தோணி அண்ணன் மேலே ஏறி அவர் தோளைத் தொட்டார். “காலை எடு மச்சான். நின்னு ரொம்ப நேரமாச்சு.”

மண்ணைக் கொட்டி, செயினுக்குக் கட்டை கொடுத்த பிறகு, அண்ணன் பின்பக்கம் அடியில் புகுந்து வலது பிரேக் இருக்கும் பெட்டியின் திருகைக் கழற்றினார். உள்ளே காய்ந்து இருக்க வேண்டிய இடமாம். அரை மக்கு எண்ணெய் கொட்டியது. பக்கத்துக் கியர் பெட்டியின் சீல் போய்விட்டது. கசிந்த எண்ணெயில் பிரேக் பட்டை ஊறிக் கிடந்தது. முந்தின நாள் இறுக்கியதால் காலையில் பிடித்தது. சூடேறியதும் எண்ணெய் இளகி இன்னும் கசிய, பட்டை வழுக்கிவிட்டது. மஞ்சண்ணா எண்ணெயைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். 

பன்னிரண்டு அடித்தது. யாரும் எலுமிச்சம்பழத்தை எடுக்கவில்லை. இவர் ஓரமாகப் போய் கோலார் கான்ட்ராக்டருக்குப் போன் செய்தார். “திங்கட்கிழமை என்னால ஆகாதுங்க. வேற ஆளப் பாத்துக்குங்க.” அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: நேற்று டைட் செய்தோம் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். சமதரையில் நிற்பதை நம்பாதீர்கள். அங்கே அது தன் எடைக்கே நின்றுவிடும். ஒரு மணி நேரமாவது வேலை வாங்கி, பிரேக் பெட்டியின் அடித் திருகைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் வந்தால் சரிவில் ஏற்றவே வேண்டாம், நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்தோம். மெக்கானிக்குக்கு 500 ரூபாய் கொடுக்கத் தயங்காதீர்கள். குடிதண்ணீர் எடுத்துப் போங்கள், யார்டு பக்கம் கடை கிடையாது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு இவர் வீட்டில் இருந்தார். நந்தனை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேறு எங்கே மெஷின் கிடைக்கும் என்று போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். நான் எழுந்திருக்காமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.