தீபாவளிக்குக் கழுவிய மீன்தொட்டி

மூன்று வருடத்துக்கு முன், தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்தது இந்தக் கூத்து. அடுக்குமாடியில் எங்களுடையது தளத்தின் கடைசி வீடு. எங்களைத் தாண்டி யாரும் போக வேண்டியதில்லை என்பதால் அந்த மூலையில் சில செடித்தொட்டிகள் வைத்திருந்தோம். அதற்குப் பக்கத்தில்தான் நான் என் மீன்தொட்டியைக் கட்டியிருந்தேன்.

அலங்கார மீன்தொட்டி இல்லை. அக்வாபோனிக்ஸ் என்று சொல்வார்களே, அது. கீழே ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மீன்கள். மேலே இன்னொரு தொட்டியில் மண்ணுக்குப் பதிலாகச் சுட்ட களிமண் உருண்டைகள், அதில் செடிகள். மீனின் கழிவு கலந்த தண்ணீரை ஒரு சின்ன பம்பு மேலே ஏற்றும். செடி அதிலிருந்து சத்தை எடுத்துக்கொள்ளும், தண்ணீர் தெளிந்து மீனிடமே திரும்பி வரும். உரம் வேண்டாம், தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். எனக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. முப்பது மாடிக்கு ஆளை ஏற்றி இறக்கும் இயந்திரத்தையே பிரித்து மாட்டுகிறவனுக்கு ரெண்டு தொட்டியும் ஒரு குழாயும் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். முதல் வாரம் குழாய் இணைப்பு கழன்று, தண்ணீர் படிக்கட்டு வழியாகக் கீழ்த்தளம் வரை போனது. அதை நானே துடைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை.

என் மனைவி பிறந்ததிலிருந்தே சைவம். நானும் வீட்டில் சைவம்தான். தேக்கா சந்தைப் பக்கம் வேலை இருந்தால் கூட்டாளிகளோடு மீன்தலைக் கறி சாப்பிடுவேன், அதுவும் அவளுக்குத் தெரியும். அதனால் மீன் வளர்க்கப்போகிறேன் என்றதும் சந்தேகமாகப் பார்த்தாள். சாப்பிடுகிற மீன் இல்லை, தங்கமீன்தான், கீரைக்காகத்தான் என்று விளக்கிச் சொன்ன பிறகு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

"வளத்துக்குங்க. ஆனா இந்த வீட்டுல ஒரு உசுரு போகக்கூடாது. ஒண்ணு செத்தாலும் அன்னிக்கே எல்லாத்தையும் எடுத்துடணும்."

சரி என்று தலையாட்டினேன். பன்னிரண்டு குட்டி மீன்கள் வாங்கி வந்தேன். மூன்று மாதத்தில் கங்கோங் கீரையும் புதினாவும் தளதளவென்று வளர்ந்தன. புதினாத் துவையல் அரைத்த அன்று அவள் இரண்டாவது முறை போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு காலையில் காப்பி டம்ளரோடு தொட்டிப் பக்கம் போய் நிற்க ஆரம்பித்தாள். மீன்களை எண்ணுவாள். தலையில் வெள்ளைப் புள்ளி இருந்த ஒன்றுக்குப் பொட்டு என்று பெயர் வைத்தாள். அவள் விரலைத் தண்ணீருக்கு மேல் நீட்டினால் பொட்டுதான் முதலில் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்கத் தீபாவளிச் சுத்தம். விசிறி, ஜன்னல் கம்பி, சாமி மாடம் எல்லாம் முடிந்து நான் வாசலுக்கு வந்தேன். மேல் தொட்டியில் களிமண் உருண்டைகள் பழுப்பு நிறத்தில் வழவழவென்று அழுக்கேறிக் கிடந்தன. என் தொழிலில் முதல் பாடமே, சுத்தமாக இருக்கும் இயந்திரம் மக்கர் பண்ணாது என்பதுதான். வரப்போகிற விருந்தாளிகள் முதலில் பார்ப்பதும் அதைத்தானே. செடிகளைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, உருண்டைகளைக் குளியலறைக்குக் கொண்டுபோய்த் தேய்த்தேன். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினேன். ஆறியதும் மேலே கொட்டிச் செடிகளைத் திரும்ப நட்டேன். கீழ்த் தொட்டியையும் விடவில்லை, மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டுப் பக்கமெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்துப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினை முறிக்கும் மருந்தை மறக்காமல் கலந்தேன், அந்த அளவுக்கு நான் கெட்டிக்காரன். பண்டிகையாயிற்றே என்று மீன்களுக்கு வழக்கத்தைவிட இரண்டு பங்கு தீனியும் போட்டேன். மாலை வெயிலில் தொட்டி கண்ணாடி மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை, தீபாவளிக்கு முதல் நாள், மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பொட்டு ஒரு மூலையில் சாய்ந்தாற்போல் நின்றது. மனைவி விரலை நீட்டினாள். அது வரவில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஏதோ நோய் வந்துவிட்டது, மருந்து ஊற்றினால் சரியாகிவிடும் என்று ஆங் மோ கியோவில் இருக்கும் ஒரு வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினேன். அங்கே என் முறைக்காக நின்றபடி கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் நின்ற பெண் குறுக்கிட்டார். என் வயதுதான் இருக்கும். மருத்துவமனைத் தாதியர் சீருடையில் இருந்தார், கையில் மீன் தீனி பாக்கெட்.

"அண்ணே, தொட்டிய கழுவுனீங்களா?"

கழுவினேன் என்று பெருமையாகவே சொன்னேன். வெந்நீர் ஊற்றியதையும் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"மருந்து வேணாம் லா. நோய் இல்ல. அந்த அழுக்குலதான் உசுரே இருந்துச்சு, அதக் கொன்னுட்டீங்க."

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். மீன் கழிவு அப்படியே இருந்தால் மீனுக்கே விஷம். அதைச் செடிக்கு ஏற்ற சத்தாக மாற்றுவது அந்தப் பழுப்பு வழவழப்பில் வாழும் நுண்ணுயிர்கள். அவை சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நான் அரை மணி நேரத்தில் வேரோடு அழித்துவிட்டு, அதோடு இரண்டு பங்கு தீனியும் போட்டிருக்கிறேன். இப்போது என்ன செய்வது என்று கேட்டேன். தன்னோடு வரச் சொன்னார்.

அவர் வீடு கடைக்கு அடுத்த அடுக்குமாடிப் புளோக்கில்தான். வேலை முடிந்து வந்தவர், அடுப்பில் முறுக்குப் போட வேண்டியவர், முன்பின் தெரியாத என்னை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போனார். தன் மீன்தொட்டியின் வடிகட்டியில் இருந்த பஞ்சை எடுத்துக் கத்தரியால் சரிபாதியாக வெட்டினார். பாதியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். உங்கள் மீன்களுக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன். கொஞ்ச நாள் தீனியைக் குறைத்துச் சமாளித்துக்கொள்வேன் என்றார். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றச் சொன்னார், மூன்று நாளைக்கு மீன்களுக்குத் தீனியே கூடாது என்றார். பேர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ரயிலில் பை கசிய ஆரம்பித்தது. கூட்டமோ கூட்டம். பூ வாங்கியவர்கள், பலகாரம் வாங்கியவர்கள், அவர்கள் நடுவில் சாக்கடைத் தண்ணீர் நிறத்தில் ஒரு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான். பக்கத்தில் இருந்தவர் மெல்ல எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது.

வீட்டு வாசலில் மனைவி கோலம் போட்டு முடித்திருந்தாள். மாவிலைத் தோரணம், கழுவித் துடைத்த தரை. பையை அவளிடம் காட்டி, அந்தப் பெண் சொன்னதையெல்லாம் சொன்னேன். நல்ல நாளும் அதுவுமாக அந்த நாற்றத்தை வாசலில் விடுவாளா என்று எனக்குப் பயம். அவள் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, "குடுங்க" என்று பையை வாங்கிப் பஞ்சை அவளே உருண்டைகள் மேல் பிழிந்தாள். பழுப்புச் சாறு அவள் வளையல் வரை வழிந்தது.

மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேராகத் தொட்டிக்குப் போனேன். மீன்கள் கீழே இறங்கி நீந்திக்கொண்டிருந்தன. எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். வெள்ளைப் புள்ளி எங்கும் தெரியவில்லை.

எனக்கு முன்னாலேயே எழுந்து குளித்த மனைவி, புதுச்சேலையில் பின்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. பக்கத்தில் கறிவேப்பிலைத் தொட்டியில் மண் புதிதாகக் கிளறப்பட்டு, மேலே ஒரு மல்லிகைப்பூ இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"பதினொண்ணுதாங்க. எப்பவும் பதினொண்ணுதான் இருந்துச்சு. வாங்க, சாமி கும்பிடலாம்."

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் போட்ட நிபந்தனைப்படி அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்திருக்க வேண்டும்.

தொட்டி இன்றும் அதே மூலையில் ஓடுகிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் வீடெல்லாம் கழுவுகிறேன், அந்த உருண்டைகளை மட்டும் தொடுவதில்லை. எத்தனை மீன் வாங்கினீர்கள் என்று வருகிறவர்கள் கேட்டால் பதினொன்று என்று நானே முந்திச் சொல்லிவிடுவேன். எனக்காக அவள் எண்ணாமல் விட்ட அந்த ஒன்றை மட்டும் நான் தினமும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.