சத்தமில்லாத பொய்மீன்கள்

ரங்கூன் ஆற்றில் கொடுவா மீன் பிடிக்கப் போகிறவர்கள் முதலில் வண்ணத்தை மறக்க வேண்டும். எங்கள் ஆற்றுத் தண்ணீர் பால் ஊற்றிய தேநீரின் நிறம். முழங்கை வரை கையை விட்டால் விரல் தெரியாது. அந்தத் தண்ணீரில் சிவப்புத் தலையும் வெள்ளி உடம்பும் கொண்ட பொய்மீனைத் தூண்டிலில் கட்டி விட்டுவிட்டு, கொடுவா அதன் அழகில் மயங்கி வரும் என்று உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். கலங்கல் தண்ணீரில் கொடுவாவுக்குக் கண் பெரிதாக உதவாது. சத்தத்தையும் அதிர்வையும் பிடித்துக்கொண்டுதான் அது இரையைத் தேடி வரும். அதனால் வயிற்றுக்குள் குண்டுகள் உருளும் பொய்மீனாகப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே காதருகில் வைத்து ஆட்டிப் பாருங்கள். கிலுகிலுவென்று சத்தம் வராவிட்டால் அது கண்ணாடி அலமாரியில் வைக்கத்தான் லாயக்கு.

இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் பல ஞாயிற்றுக்கிழமைகள் வெறுங்கையோடு திரும்பிய பிறகு தற்செயலாகத் தெரிந்துகொண்டது. அவர் அலோன் கரையோரம் ஒரு படகுப் பட்டறையில் இன்ஜின் மெக்கானிக். நான் வீட்டிலேயே ரவிக்கையும் பள்ளிக்கூடச் சீருடையும் தைத்துத் தாமுவே சந்தைக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தேக்குத் துண்டில் அவரே செதுக்கிய பொய்மீன்களைத்தான் வீசுவோம். ஒருநாள் அதில் ஒன்று பாலத் தூணில் மோதி விரிசல் விட்டது. எடைக்காக வயிற்றில் வைத்திருந்த ஈயக்குண்டு கழன்று உள்ளே உருண்டது. தூக்கி எறிய இருந்தவர், கடைசியாக ஒருமுறை என்று வீசினார். அன்றுதான் எங்களுக்கு முதல் கொடுவா கிடைத்தது. அடுத்த வாரம் பட்டறையில் கிடந்த பழைய பால்ரஸ் குண்டுகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வந்து உடை மாற்றி, முகத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, படகேறி அக்கரை டாலாவுக்குப் போவோம். கோயில் வாசலில் பெண்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். பாதிரியார் கை வைத்து ஜெபித்தால் அவர் கையிலும் மீன் வாடை ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். புருஷன் பெண்டாட்டியைச் சினிமாவுக்குக் கூட்டிப் போவான், உன் புருஷன் சேற்றுக்குக் கூட்டிப் போகிறான் என்றும் சொல்வார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுடைய புருஷன்மார் ஞாயிறு மத்தியானம் எங்கே இருந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. என்னுடையவர் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

டாலாத் துறையில் ஒரு பர்மிய அம்மாளிடம் சம்பான் வாடகைக்கு எடுப்போம். அவரை அடோ என்று கூப்பிடுவோம். அத்தை, சித்தி எல்லாவற்றுக்கும் பர்மியில் அந்த ஒரு சொல் போதும். சம்பான் ஒடுங்கிய படகு. இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது யோசிக்காமல் கவிழ்த்துவிடும். ஒருவர் முனையில் நின்று வீச வேண்டும், மற்றவர் பின்னால் இருந்து துடுப்பைப் பார்க்க வேண்டும். நாங்கள் மாற்றி மாற்றிச் செய்வோம். படகின் அடிப்பலகைமேல் ஈரச் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். இரும்பு நங்கூரமும் சங்கிலியும் வேண்டாம், கயிற்றில் கட்டிய கல் போதும். பலகையில் ஒரு டப்பா விழுந்தாலும் ஓடை முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு அங்கே பாட்டுக் கச்சேரி நடத்தலாம், மீன் வராது.

அமாவாசை, பௌர்ணமி ஓட்டத்தில் போகாதீர்கள். அது பேய் ஓட்டம், வீசியது எங்கே போகிறது என்றே தெரியாது. அட்டமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நிதானமாக இருக்கும். நீர் வடியும் வற்றம் முடியும் நேரத்தில் ஓடை ஆற்றில் கலக்கும் இடத்தில் ஓரமாக நின்றுகொள்ளுங்கள். சிறு மீன்களும் இறாலும் ஓடையிலிருந்து வடிந்து வரும், கொடுவா வாசலில் காத்திருக்கும். தூண்டில் நரம்பின் கடைசி ஒரு பாகம், அதாவது இரு கை விரித்த நீளம், கனமான நரம்பாக இருக்கட்டும். கொடுவாவின் செவுள் மூடி சவரக்கத்தி, மெல்லிய நரம்பை ஒரே இழுப்பில் அறுத்துவிடும். அது தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும்போது கழியைத் தாழ்த்துங்கள். அந்த நேரத்தில் வீரம் காட்டிக் கழியை நிமிர்த்தியவர்கள் எல்லாம் வெறும் நரம்போடுதான் வீடு திரும்பினார்கள்.

ஆனால் வீசுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். கொடுவா மேல்மட்டத்தில் இரையை உறிஞ்சும்போது டொப்பென்று ஒரு சத்தம் வரும். காலிப் பாட்டிலின் கார்க்கைப் பிடுங்குவது மாதிரி. அந்தச் சத்தம் வந்த இடத்துக்குச் சற்று அப்பால் வீசி, குறுக்கே மெல்ல இழுத்து வர வேண்டும். என் கணவருக்கு அபாரமான காது. பட்டறையில் இன்ஜின்மேல் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து மறுமுனையைக் காதில் வைத்தே எந்த வால்வு கோளாறு என்று சொல்லிவிடுவார். ஓடை முகத்திலும் அவர்தான் முதலில் கேட்பார். கையை உயர்த்தி, என் பக்கம் லேசாகத் திரும்பி, மூச்சோடு மூச்சாகச் சொல்வார்.

"கேட்டியா?"

பாதி நேரம் எனக்குக் கேட்டிருக்காது. கேட்டேன் என்று தலையாட்டுவேன். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அந்தச் சேற்றிலும் வெயிலிலும் உட்கார்ந்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது. வீட்டில் அரிசி, விறகு, மண்ணெண்ணெய் என்று எத்தனையோ பேசினோம். ஆனால் எனக்கும் சேர்த்து ஒன்றைக் கேட்டு, அதை என்னிடம் கொடுப்பது மாதிரி அவர் சொன்னது அந்தப் படகில்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்து ஆண்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். பட்டறை படுத்துவிட்டதால் அவரும் போனார், இன்ஜின் அறையில் வேலை. ஒரு காண்ட்ராக்ட் முடித்துவிட்டு வருவதாகத்தான் பேச்சு. முடிந்ததும் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்துவிட்டார். திரும்பி வந்தால் மறுபடி வெளியே போக முடியுமா என்பது அந்த நாளில் யாருக்கும் நிச்சயமில்லை. அப்படியே வருடங்கள் ஓடின.

கடிதம் எழுத அவருக்கு வராது. நலம், நலமறிய ஆவல் என்ற இரண்டு வரியோடு பேனா நின்றுவிடும். அதற்குப் பதிலாக ஊருக்கு வரும் கப்பல்காரர் ஒருவரிடம் பொட்டலம் கொடுத்தனுப்புவார். சோப்பு, தையல் ஊசி, அவற்றோடு ஒரு பொய்மீன். முதல் சில வருடங்களில் வந்தவை என்ன அருமையான பொய்மீன்கள்! கடை முழுக்க ஆட்டிப் பார்த்து, இருப்பதிலேயே பலமாகக் கிலுகிலுப்பதை எடுத்திருப்பார் என்று தெரியும். பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே உள்ளே சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரி, குழந்தை இல்லாத வீட்டுக்குக் கிலுகிலுப்பை எதற்கு என்று கேலி செய்தாள். எனக்கு அது தைத்தது. ஆனாலும் நான் சிரித்தேன்.

ஞாயிறுகளில் தனியாகவே டாலாவுக்குப் போனேன். அடோ தன் பேத்தியைத் துடுப்புப் போட அனுப்புவார், நான் நடுப்படகில் உட்கார்வேன். டொப்பென்று கேட்கும்போதெல்லாம் என் தலை தானாக முனைப் பக்கம் திரும்பும். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். வீசாமலே உட்கார்ந்திருந்துவிட்டு வந்த நாட்களும் உண்டு.

மாதத்துக்கு ஒருமுறை மாடி வீட்டுத் தொலைபேசிக்கு அவர் பேசுவார். போகப்போக அந்தப் பேச்சு கோணலாகியது. எப்போது வருகிறீர்கள் என்று கேட்டால், சாப்பாடு பரவாயில்லை என்பார். தையல் மிஷின் உடைந்துவிட்டது என்றால், நல்லது நல்லது என்பார். நான் லைனைத் திட்டினேன். பிறகு, அவர் வேறு ஏதோ யோசனையில் பேசுகிறார் என்று நினைத்தேன். பிறகு அழைப்பே நின்றுவிட்டது. கப்பல்காரரிடம் விசாரித்தேன். அவர் தயங்கித்தான் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்காரு அக்கா. முந்தி மாதிரி யாரோடயும் பேசுறதில்ல, ஒதுங்கிப் போயிடுறாரு."

அந்த முறை கொண்டுவந்த பொட்டலத்தில் சத்தம் இல்லை. பிரித்தேன். பச்சை முதுகு, தங்க வயிறு, அசல் மீனைப் போலவே செதில், சிவப்புக் கண். காதருகில் வைத்து ஆட்டினேன். ஊமையாக இருந்தது. மறுபடி ஆட்டினேன். தெளிந்த ஏரிக்குச் செய்த பொய்மீன் அது. நம் ஆற்றில் அது மீனுக்கும் தெரியாது, மனிதருக்கும் தெரியாது. அடுத்த பொட்டலத்திலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே. ஒன்றைவிட ஒன்று அழகு, எதிலும் சத்தமில்லை.

எங்கள் ஆற்றின் நிறத்தை அவர் மறந்துவிட்டார் என்று எனக்கு அன்று தோன்றியது. ஆற்றை மறந்தவருக்கு அந்தப் படகு நினைவிருக்குமா, படகின் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நினைவிருப்பாளா? வேறு பெண் என்றுகூட நான் நினைக்கவில்லை. வேறு தண்ணீர் என்று நினைத்தேன், அது அதைவிட வலித்தது. அந்தப் பொய்மீன்களை ஒன்றுகூட வீசவில்லை. தையல் மிஷினுக்கு மேலே ஆணியடித்து வரிசையாகத் தொங்கவிட்டேன். துணி எடுக்க வருகிறவர்கள் அழகாக இருக்கிறதே என்பார்கள். ஆமாம், அழகுதான் என்பேன்.

ஒரு மழைக்காலம் முடியும் சமயம் அவர் திரும்பி வந்தார். நரை விழுந்து, தோள் குறுகி, கையில் ஒரே பையோடு விமான நிலையத்தில் நின்றார். பயணம் எப்படி என்று கேட்டேன். சிரித்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அதற்கும் அதே சிரிப்பு. வரும் வழியெல்லாம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு காலம் காத்திருந்தது இந்த மௌனத்துக்கா என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் தொங்கிய பொய்மீன்களைப் பார்த்தார். பச்சை முதுகுக்காரனை ஆணியிலிருந்து எடுத்தார். பழைய பழக்கத்தில் காதருகில் கொண்டுபோனார், பாதி வழியில் நிறுத்தினார். இரண்டு விரலால் பிடித்து ஆட்டி, விரல் நுனியில் எதையோ தேடினார். பிறகு அதை என் காதருகில் கொண்டுவந்து ஆட்டினார். வீடு அதிரும்படி உரக்கக் கேட்டார்.

"சத்தம் வருதா? எனக்கு இன்ஜின் சத்தத்துல கொஞ்சங்கொஞ்சமா காது போயிடுச்சு. கடைக்காரங்கிட்ட கையால ஆட்டிக் காட்டி, சத்தம் வருதான்னு விசாரிச்சுதான் வாங்குனேன். வருதுன்னு தலையாட்டுனான். ஒவ்வொரு தடவையும் தலையாட்டுனான்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்குச் சத்தம் கேட்காதுதானே என்று வாய்விட்டே அழுதேன். என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், ஏன், நல்லா இல்லையா என்று கேட்டார். நல்லா இருக்கு என்று உதடு தெரியச் சொன்னேன். அன்று மாலையே பச்சை முதுகுக்காரனின் வயிற்றில் துளை போட்டு, மூன்று சைக்கிள் பால்ரஸ்களைப் போட்டு, பசை வைத்து அடைத்தேன். பிளாஸ்டிக்கைத் துளைக்கும்போது கோணி ஊசியைக் காய்ச்சிக்கொள்ளுங்கள், வெடிப்பு விடாது.

அந்த ஞாயிறு இருவருமாக டாலாவுக்குப் போனோம். அடோ அவரைப் பார்த்து, உன்னை ஆறு கொண்டுபோய்விட்டது என்று நினைத்தேன் என்று பர்மியில் சொல்லிச் சிரித்தார். அவரும் கூடவே சிரித்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன், அவர் முனையில் நின்றார். வற்றம் முடிந்து ஓடை முகம் அசையாமல் கிடந்தது. அவருடைய முதுகு எனக்கு நினைவிருந்த இடத்தில் இருந்தது. அதன் வலப்பக்கம் டொப்பென்று கேட்டது.

அவர் கையை உயர்த்தவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு நொடிக்குள் எனக்கு அந்தப் பழைய சொல்லின்மேல் வந்த ஏக்கம் தாங்க முடியவில்லை. ஆளே வந்துவிட்டார், அது மட்டும் வரவில்லையே என்றிருந்தது. படகு சாயாமல் மெல்ல நகர்ந்து போய் அவர் வலது தோளில் கை வைத்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சை முதுகுக்காரனை வலப்பக்கம் சற்று அப்பால் வீசி, குறுக்கே மெல்ல இழுத்தார்.

கொடுவா பிடித்தது. துள்ளியது, தலையை உதறியது. கழியைத் தாழ்த்தினார், கை எதையும் மறந்திருக்கவில்லை. படகுக்குள் இழுத்துப் போட்டபோது அது சாக்கைத் தள்ளிவிட்டு வெறும் பலகையில் வாலை அடித்தது. ஓடை முழுக்கக் கேட்டிருக்கும். இனி அந்த இடத்தில் மீன் வராது. அவர் குந்தி உட்கார்ந்து பலகையில் உள்ளங்கையை வைத்தார். மீன் அடிக்க அடிக்க, அதிர்வு உள்ளங்கையில் ஏற, அவர் முகம் மாறியது. என் பக்கம் லேசாகத் திரும்பினார். குரலின் அளவு தெரியாமல், அக்கரை வரை கேட்கும்படி கேட்டார்.

"கேட்டியா?"

கேட்டேன் என்று தலையாட்டினேன்.