கூப்பிட்டால் வராத செவலை

என் குரல் பெரியது. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஊரே சொல்வதுதான். மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் வாசலில் நின்று நான் ஒரு சத்தம் போட்டால், தோட்டத்துக் கடைசியில் ஏணி மேல் நின்று மிளகு பறித்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரர் பாதி ஏணி இறங்கி "என்ன?" என்பார். ஒருமுறை நான் கோழியைத் திட்டிய சத்தத்துக்கு மினி பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, ஏறுவதற்கு யாரும் இல்லை என்று தெரிந்ததும் என்னை முறைத்துவிட்டுப் போனார். அப்படிப்பட்ட குரலையும் மதிக்காத ஒரு ஜீவன் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தது.

செவலை நிறத்து நாட்டு நாய். செம்மேடு பஸ் ஸ்டாண்டில் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியை என் வீட்டுக்காரர் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தார். அது, இது என்று எழுத எனக்கு மனம் வராது, அவன் என்றே எழுதுகிறேன். குட்டியாக இருந்தவரை என் காலை விட்டு நகரமாட்டான். அடுப்படிக்குப் போனால் அடுப்படி, குழாயடிக்குப் போனால் குழாயடி. பத்து மாதம் ஆகி, கால்கள் மட்டும் உடம்பைக் கேட்காமல் நீண்டு, ஒரு காது நிமிர்ந்து இன்னொரு காது மடங்கி நின்ற வயதில் தலைக்கனம் வந்துவிட்டது. கூப்பிட்டால் பத்தடி தள்ளி நின்று, வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்பதுபோலப் பக்கவாட்டில் பார்ப்பான். நான் ஓரடி வைத்தால் அவன் ஓரடி பின்னால் போவான். நான் ஓடினால் அவனுக்குக் கொண்டாட்டம். தார்ப்பாயில் காயும் மிளகைச் சேற்றுக் காலோடு குறுக்கே மிதித்துக்கொண்டு ஓடுவான். அவனுக்கு நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தோம். அந்தப் பெயரை ஒரு நாளைக்கு நூறு முறை கத்திக் கத்தி நானே கெடுத்துவிட்டேன். அதனால் இங்கே செவலை என்றே சொல்கிறேன்.

"உன்ற கொரலுக்கு நானே பயந்துக்கிட்டுத்தான் வாரேன். அவனுக்கு என்ன தலையெழுத்தா?" என்பார் என் வீட்டுக்காரர். அவர் சாது. அவர் கூப்பிட்டாலும் நாய் வராது, ஆனால் அவர் அதைப் பற்றிக் கவலைப்படமாட்டார்.

எங்கள் தோட்டத்துக்குக் கீழ்ப் படியில், சரிவைத் தாங்கக் கல் அடுக்கிய கல்கட்டுக்கு அந்தப் பக்கம், என்னைவிட நாலைந்து வயது சிறியவள் ஒருத்தி குடியிருக்கிறாள். ஆறு ஆடு வைத்திருக்கிறாள். கொஞ்சம் குச்சிக்கிழங்கும் போட்டிருக்கிறாள். ஆனால் அந்த வீட்டில் எது நடந்தாலும் ஆட்டை நம்பித்தான் நடக்கும். ஒரு நாள் மத்தியானம் செவலை கல்கட்டைத் தாண்டி ஆடுகளுக்குள் பாய்ந்தான். கடிக்கிற எண்ணமெல்லாம் இல்லை, துரத்தினால் ஓடுகின்றன என்ற சந்தோஷம்தான். நான் மேலே நின்று அவன் பெயரைத் தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டது அவனுக்கு. நிமிர்ந்திருந்த காது என் பக்கம் திரும்பியதை நானே பார்த்தேன். ஆனாலும் ஓடினான். சினையாக இருந்த ஒரு கறுப்பு ஆடு பயந்து அடுத்த கல்கட்டிலிருந்து கீழே குதித்து விழுந்தது. இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் குறைமாதத்தில் இறந்த குட்டி போட்டது.

என் ஆட்டுக்கு அப்படி ஆகியிருந்தால் ஒரு வாரம் ஊரைத் தூங்க விட்டிருக்கமாட்டேன். அவள் சத்தமே போடவில்லை. கல்கட்டருகே வந்து நின்று, "இன்னும் ரெண்டு செனையா இருக்குதுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் போயிற்று.

வருஷா வருஷம் எங்கள் மிளகை எடுத்துக்கொள்பவர் அடிவாரத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். பண்ணைக்கு ஒரு நாய் வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார். அன்று சாயங்காலம் அவருக்குப் போன் செய்து, மிளகு ஏற்ற வரும்போது நாயையும் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பண்ணையை நான் பார்த்திருக்கிறேன். கொட்டகைக்கு ஒரு நாய், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முழச் சங்கிலி. சுற்றிச் சுற்றி நடந்தே மண்ணில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும். அதெல்லாம் தெரிந்துதான் சொன்னேன். போனை வைத்த பிறகு எனக்கு என்னையே பிடிக்கவில்லை. மிளகு பறித்துக் காய்ந்து முடிய இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அதுவரை வாசல் தூணில் கட்டிப் போட்டேன். ஆடுகள் பட்டியில் அடைந்த பிறகு ஒரு மணி நேரம் அவிழ்த்து விடுவேன். திரும்பக் கட்டுவதற்கு இன்னொரு மணி நேரம் அவன் பின்னால் ஓடுவேன்.

ஒரு சாயங்காலம் கல்கட்டின் மேல் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தேன். செவலை பலா மரத்துக்குப் பின்னால் நின்று என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். கீழே பட்டிக்குள் அவள் நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் கொடுத்தாள். பெரிய சத்தம்கூட இல்லை. அங்கங்கே நின்ற ஆடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு அவளிடம் ஓடி வந்தன. ஆளுக்கொரு வாய் பலா இலை கொடுத்து, நெற்றியைச் சொறிந்துவிட்டு, மறுபடி விட்டுவிட்டாள். கொஞ்சம் கழித்து மறுபடி அதே சத்தம், மறுபடி ஓடி வந்தன. எனக்கு வயிறு எரிந்தது.

"எப்புடி அம்முணி உன்ற ஆடெல்லாம் இப்புடி ஓடியாருது? இவன் ஒரு நாளும் வாரதில்ல."

அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் எதுக்குக் கூப்புடறேன்னு ஆட்டுக்குத் தெரியுமுங்கக்கா. நீங்க எதுக்குக் கூப்புடறீங்கன்னு நாய்க்கும் தெரியுமுங்க."

சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்து வீட்டுக்குள் போய்விட்டேன். கிழங்கை நறுக்கிக்கொண்டே, இதுவரை அவனை எதற்கெல்லாம் கூப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தேன். உண்ணி பிடுங்க. மிளகை மிதித்ததற்கு அடி கொடுக்க. குளிப்பாட்ட. கட்ட. மறுபடி கட்ட. தாலுகா ஆபீஸில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே, என்ன குறையோ என்று எனக்குக் காலெல்லாம் கனக்கும். அந்த நாய் ஏன் வர வேண்டும்? நானாக இருந்தாலும் வரமாட்டேன்.

மறுநாள் விடிந்ததும் கீழே இறங்கிப் போனேன். நடந்ததற்கு மன்னிப்பும் கேட்கவில்லை, நேராக "என்ன செய்யட்டும்?" என்றேன். அவள் ஆட்டுப்பட்டியைக் கூட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பேரை உட்டுருங்க. அது கேட்டாலே அவனுக்கு அடி ஞாபகம்தான் வரும். புதுசா ஒரு சத்தம் வெய்ங்க. வந்தா நல்லதுன்னு அவனுக்குத் தோணோணும். வந்ததும் குடுத்துட்டு உட்டுருங்க. வாரப்பெல்லாம் கட்டுனா எவன் வருவான்?"

எந்த நாய் அவள் ஆட்டின் குட்டியைச் சாகடித்ததோ அதே நாய்க்குத்தான் இவ்வளவும் சொல்லிக் கொடுத்தாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

என் வாயை நம்ப முடியாது. சர்க்கரையாகக் கூப்பிட்டாலும் மூன்றாம் முறை உள்ளே இருக்கிற கோபம் வெளியே வந்துவிடும். அதனால் இரண்டு கொட்டாங்குச்சிகளை எடுத்துத் தட்டினேன். டக், டக். அதில் கோபம் கேட்காது. அடுத்தது தீனி. சந்தையில் நெத்திலிக் கருவாடு வாங்கி, துண்டு துண்டாக்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். ஒரு மாதத்துக்கு மேல் அப்படித்தான் திரிந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து நின்றுகொண்டு வந்தார்கள். செம்மேட்டில் ஒரு பூனை மருந்துக்கடை வரை என் பின்னாலேயே வந்தது.

முதலில் இரண்டடி தூரத்தில் தட்டினேன். வந்தான், கொடுத்தேன், "வந்துட்டியா சாமி" என்று தலையைத் தடவினேன், விட்டுவிட்டேன். சும்மா விட்டதை அவனால் நம்ப முடியவில்லை. போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றான். பிறகு பத்தடி, பிறகு பலா மரம், பிறகு தோட்டத்துக் கடைசி. ஒவ்வொரு முறையும் கருவாடு, "வந்துட்டியா சாமி", விடுதலை. பத்து முறையில் ஒரு முறைதான் கட்டுவேன். எல்லாம் ஒழுங்காகப் போனது என்று சொன்னால் பொய். ஒரு நாள் பாதி வழி வந்துவிட்டு அணில் பின்னால் போய்விட்டான். கையிலிருந்த கொட்டாங்குச்சியை அவன் மேலேயே வீசிவிட்டேன். அந்த ஒரு வீச்சுக்கு மூன்று நாள் கெஞ்சினேன். என் வீட்டுக்காரர் சிரித்ததற்கு அவருக்கும் அன்று சோறு தாமதமாகத்தான் கிடைத்தது.

கடைசி மிளகும் பறித்து முடிந்தது. கோழிப்பண்ணைக்காரர் போன் செய்து, சந்தை நாளன்று வண்டியோடு வருவதாகச் சொன்னார். நாயைப் பற்றி நான் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. தோட்டத்தில் வருகிறான், சரி. ஆடு நிற்கும்போது வருவானா? அதைச் சோதித்துப் பார்க்கிற துணிச்சல் எனக்கு இல்லை. அதற்குள் கீழ் வீட்டில் மீதி இரண்டு சினை ஆடுகளும் ஆளுக்கொரு குட்டி போட்டிருந்தன.

சந்தைக்கு இரண்டு நாள் முன்னால், வெயில் ஏறிய நேரம். தார்ப்பாயில் மிளகைக் கிண்டி விட்டுக்கொண்டிருந்தேன். ஆடுகள் பட்டியில்தான் இருக்கின்றன என்று நினைத்துச் செவலையை அவிழ்த்து விட்டிருந்தேன். அவளோ, பிறந்த குட்டிகள் வெயில் காயட்டும் என்று பட்டியைத் திறந்துவிட்டிருக்கிறாள். ஒரு குட்டி நாலு காலையும் ஒன்றாகத் தூக்கித் துள்ளியது. எந்த நாய்தான் அதைப் பார்த்துச் சும்மா இருக்கும்? புறப்பட்டுவிட்டான்.

கொட்டாங்குச்சி அடுப்படியில் இருந்தது. என் கையில் மிளகுதான் இருந்தது. கீழே அவள் இலை பறிக்கிற தொரட்டிக் கோலோடு நிற்பது தெரிந்தது. அந்தப் பழைய பெயர், அந்தப் பழைய கத்தல், தொண்டை வரை வந்துவிட்டது. எப்படி அதை விழுங்கினேன் என்று தெரியவில்லை. வாயில் வந்தது வேறு.

"வந்துட்டியா சாமி!"

அவன் எனக்கு முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தான். நானோ வந்து சேர்ந்தவனை வரவேற்கிறேன். இன்னும் ஒரு கல்கட்டுதான் பாக்கி. கட்டின் விளிம்பில் நான்கு காலையும் ஊன்றிச் சறுக்கி நின்றான். குட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தாய் ஆடு காலைத் தட்டியது. நான் மறுபடி சொன்னேன், இந்த முறை மெதுவாக. திரும்பி ஓடி வந்தான். மிளகின் மேலேயே மிதித்துக்கொண்டு நேராக என் மடியில் வந்து விழுந்தான். முந்தானை முடிச்சை அவிழ்த்து மொத்தக் கருவாட்டையும் கொடுத்தேன். அழுதுகொண்டேதான் கொடுத்தேன். கொடுத்த கையோடு கழுத்துப் பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். சங்கிலி பக்கத்தில்தான் கிடந்தது.

"கட்டாதீங்கக்கா!" கீழேயிருந்து அவள் குரல்.

"ஏன் அம்முணி, குட்டி வெளிய நிக்குதே!"

"நிக்கட்டுமுங்க. இப்பக் கட்டுனீங்கன்னா வந்தது தப்புன்னு அவனுக்குத் தோணிப்போயிருமுங்க. உட்டுருங்க."

தொரட்டியை வேலியில் சாய்த்துவிட்டு, வெறும் கையோடு நின்றாள். குட்டிகள் இரண்டும் அவளுக்கு முன்னால் கிழங்குப் பாத்தியில் துள்ளிக்கொண்டிருந்தன. என் விரல்கள் பிரிய மறுத்தன. அவன் கழுத்து நரம்பு துடிப்பது என் கையில் தெரிந்தது. அவள் காத்திருந்தாள். நான் கையை எடுத்தேன்.

செவலை உடம்பை ஒரு உதறு உதறினான். கீழே ஒரு முறை பார்த்தான். பிறகு நிதானமாக நடந்து போய், பலா மரத்தடியில் காலைத் தூக்கினான்.

சந்தை நாளன்று வண்டி வந்தது. மூட்டைகளை ஏற்றிய பிறகு கோழிப்பண்ணைக்காரர் நாய் எங்கே என்று கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "அவன் எங்கயும் வரமாட்டானுங்க" என்று சொல்லிவிட்டார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் புது மிளகில் ஒரு படி எடுத்துக்கொண்டு கீழ் வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் நன்றி என்று வாயால் சொல்கிற வழக்கம் இல்லை, எனக்கு வரவும் வராது. ஆனால் என் வீட்டில் இன்று ஒரு நாய் சங்கிலி இல்லாமல் வாசலில் படுத்திருக்கிறது என்றால் அது அவள் போட்ட பிச்சை. மிளகைக் கொடுத்துவிட்டு, மனதிலிருந்ததைக் கேட்டேன்.

"என்ன தைரியத்துல அம்முணி அன்னைக்கு உடச் சொன்ன?"

மிளகைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தாள். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள்.

"தைரியமெல்லாம் ஏதுங்கக்கா? நீங்க கையை எடுத்தப்ப நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேனுங்க."