மஞ்சள் தண்ணீரில் குளித்த திராட்சை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்னும் எனக்குத் தகராறுதான். தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். முடிவெட்டப் போகிற கடையில் உட்கார்ந்து, உங்கள் பத்திரிகையில் மற்றவர்கள் எழுதும் அனுபவங்களைப் படிப்பேன். எனக்கும் ஒன்று இருக்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். எழுதத்தான் கூச்சம்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. பங்குனி மாதம். சமயநல்லூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்களுக்கு முக்கால் ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. முன்பெல்லாம் எல்லோரையும் போல நானும் மருந்து அடித்துத்தான் விளைவித்தேன். வாரம் ஒரு தடவை, பனிமூட்டம் என்றால் இரண்டு தடவை. ஒருநாள் பந்தலுக்குக் கீழே களை எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி, ஏதோ பேசிக்கொண்டே தலைக்கு மேல் தொங்கிய கொத்திலிருந்து ஒரு பழத்தைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள். முந்தின நாள்தான் மருந்து அடித்திருந்தேன். பதறிப்போய் அவள் கையைத் தட்டிவிட்டேன். பழம் மண்ணில் விழுந்தது. அவள் பழத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

“அப்ப நாம திங்க முடியாததத்தான் வண்டி ஏத்தி ஊருக்கு அனுப்புறோமா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த வருடத்தோடு மருந்தை நிறுத்தினேன். சாணம், கோமியம், வெல்லம், கடலை மாவு கலந்து ஊறவைத்த கரைசல் வேருக்கு. இலைக்கு வேப்பெண்ணெய். சாம்பல் நோய் வந்தால் புளித்த மோர். முதல் வருடம் பாதிக்குப் பாதி போயிற்று. பழம் சிறுத்துப்போனது, மைனாக்கள் வேறு வந்து பங்கு கேட்டன. பக்கத்துத் தோட்டக்காரர்கள், “என்னப்பா, திராட்சைக்கு மோர்சாதம் ஊட்டுறியாமே” என்று சிரித்தார்கள். இரண்டாவது வருடம் பரவாயில்லை. பழத்தில் வாசனை வந்தது. அதை மதுரையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் இயற்கைச் சந்தைக்குக் கூடையில் கொண்டுபோய் விற்றோம்.

அங்கேதான் கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மேலூர்ப் பக்கத்துப் பேச்சு. ஆற்றுக்கு வடக்கே, கோரிப்பாளையம் தாண்டி அவர்களுடைய மடம். மாதா கோவில்களில் பூசைக்கு வைக்கும் திராட்சை ரசத்தை அங்கேதான் தயாரிக்கிறார்களாம். ஈஸ்ட் எதுவும் வாங்கிப் போடுவதில்லை, பழம் தானாகவே நுரைத்துப் பொங்கிப் புளிக்க வேண்டும். கடையில் வாங்குகிற பழம் சரியாகப் பொங்குவதில்லை என்று மருந்து படாத பழத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நெசமாவே மருந்து படலயா?” என்று கேட்டார்.

எனக்குப் புது ஆட்களைப் பார்த்தால் வாய் வராது. தலையை மட்டும் ஆட்டினேன். என் மனைவிதான் முன்னால் வந்தாள். “எங்க வீட்டுக்காரரு வாய் பேசமாட்டாரு சிஸ்டர். ஆனா பொய்யும் பேசமாட்டாரு.”

சிஸ்டர் சிரித்துவிட்டார். அடுத்த அறுவடையில் ஐந்து கூடை மட்டும் கொடுங்கள், நன்றாக வந்தால் பந்தல் முழுவதையும் வருடா வருடம் நாங்களே எடுத்துக்கொள்கிறோம், ஆனால் ஒரு சொட்டு மருந்துகூடப் படக்கூடாது என்றார். சரி என்று வந்தோம்.

அந்த மாசியில் ஒரு வாரம் வெயிலே அடிக்கவில்லை. பிஞ்சுக் கொத்துகளில் சாம்பல் பூக்க ஆரம்பித்தது. மோட்டார் ரூமில் பழைய மருந்து டப்பா ஒன்று கிடந்தது. அதைக் கையில் எடுத்துவிட்டேன். மூடியைக்கூடத் திருகினேன். மனைவி சந்தையில் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. மூடியை இறுக்கி, டப்பாவை வைத்துவிட்டு, மோர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு போனேன். நான்கு நாள் விடாமல் அடித்தேன். தப்பித்தது.

பங்குனியில் ஐந்து கூடை பழத்தையும் ஒவ்வொரு கொத்தாக நானே வெட்டினேன். வெட்டி வைத்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. கறுத்த பழத்தின் மேல் வெள்ளையாக மாவு படிந்த மாதிரி இருந்தது. திராட்சை என்றால் அப்படித்தான் இருக்கும், எனக்குத் தெரியாததில்லை. ஆனால் சிஸ்டர்கள் பார்த்தால் மருந்து என்று நினைத்துவிட்டால்? மோர் வாடை வேறு லேசாக அடித்தது. எந்தச் சாமியாக இருந்தால் என்ன, சாமிக்குப் போகிற பொருள். சுத்தமாகப் போகவேண்டாமா?

அண்டாவில் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் வைத்தேன். கல் உப்பும் மஞ்சள் தூளும் கலந்தேன். நானும் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, ஒவ்வொரு கொத்தையும் மூன்று தண்ணீர் விட்டு அலசி, பழைய வேட்டித் துணியால் துடைத்து அடுக்கினேன். பழம் கண்ணாடி மாதிரி மின்னியது. கூடையை ஏற்ற வந்த குட்டியானை வண்டிக்காரர் எனக்கு மருமகன் முறை. அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன மாமா, திராட்சைக்குச் சடங்கு சுத்துறீகளா? பத்திரிகையே வைக்கல!” என்றார். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் சிஸ்டர் போன் செய்தார். “அண்ணே, கொஞ்சம் வந்துட்டுப் போறீகளா?” குரலில் சிரிப்பு இல்லை.

மொபெட்டில் போனேன். பின்பக்கத்து அறையில் இடுப்பு உயரத்துக்குப் பெரிய பீங்கான் ஜாடி. மேலே கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினார். ரசம் அசையாமல் கிடந்தது. ஒரு நுரை இல்லை. ஓரத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது.

“ரெண்டாம் நாளே பொங்கியிருக்கணும்ணே. மருந்து பட்ட பழம்தான் இப்படிக் கெடக்கும்.” துணியை மறுபடி கட்டிவிட்டு, “கோவிச்சுக்காம உண்மையச் சொல்லுங்க. அடிச்சீகளா?” என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நேரம் பார்த்து மோட்டார் ரூமில் டப்பா மூடியைத் திருகியதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. செய்யாத தப்புக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர் பெருமூச்சு விட்டு, “சரிண்ணே, போயிட்டு வாங்க” என்றார்.

திரும்பும்போது கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழுந்தும் நான் கிளம்பவில்லை. பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஆரன் அடித்துத் திட்டிய பிறகுதான் சுயநினைவு வந்தது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அதுக்கு நீங்க என்ன சொன்னீக?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணுமே சொல்லலயா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக? சும்மா நின்னா ஆமான்னுதான நெனப்பாக!”

மறுநாள் விடிந்ததும் அவளே மொபெட்டில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மடியில் மோர்ப்பானை. என் காலுக்கு நடுவில் சாணக் கரைசல் வாளி. தோளில் வேப்பெண்ணெய் பாட்டில் தொங்கும் பை. “எதுக்கு இம்புட்டையும் தூக்குற?” என்றேன். “சாட்சி வேணும்ல” என்றாள்.

மடத்து வாசலில் வாளியின் மூடியைத் திறந்தாள் பாருங்கள், தோட்டத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இரண்டு சிஸ்டர்கள் உள்ளே ஓடிவிட்டார்கள். நம் சிஸ்டர் மட்டும் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

“இதத்தான் சிஸ்டர் ஊத்துனோம், இதத்தான் அடிச்சோம். மோந்து பாருங்க. வேற ஒரு சொட்டு கெடையாது. எங்க ஆளு மேல பழி வந்தா நான் தாங்கமாட்டேன்” என்றாள் மனைவி. கண் கலங்கிவிட்டது.

“அக்கா, அக்கா, உக்காருங்க. முதல்ல அத மூடுங்க” என்றார் சிஸ்டர். பிறகு ஒவ்வொன்றாக விசாரித்தார். எந்த மாதம் என்ன ஊற்றினோம், கடைசியாக மோர் அடித்து எத்தனை நாள் ஆனது, வண்டியில் வேறு சரக்கு ஏற்றினார்களா? எல்லாவற்றுக்கும் மனைவியே பதில் சொன்னாள். கடைசியில் என் அருமையைச் சொல்லுவதாக நினைத்து, “அம்புட்டு ஏன் சிஸ்டர், சாமிக்குப் போறதுன்னு சுடுதண்ணியில உப்பும் மஞ்சளும் போட்டு, மூணு தடவ அலசி, பச்சப் புள்ளையத் தொடைக்கிற மாதிரி தொடச்சுல்ல அனுப்புனாரு!” என்றாள்.

சிஸ்டர் அப்படியே எங்களைப் பார்த்தார். “என்னது? குளிப்பாட்டுனீகளா?”

அடுத்த நிமிடம் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

“அக்கா, இட்லிக்கு மாவாட்டி வச்சா விடிஞ்சதும் பொங்கி நிக்குதுல்ல? அதுக்குன்னு எதையாச்சும் வாங்கியா போடுறோம்? அந்த மாதிரி, இதப் பொங்க வைக்கிற உசுரு பழத்துத் தோல்லயே ஒட்டிக்கிட்டு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. மருந்து பட்டா அது செத்துரும். அதான் ஒங்கள சந்தேகப்பட்டேன். நீங்க அதச் சுடுதண்ணி ஊத்தித் தேச்சுக் கழுவிட்டீகளே!”

மருந்து என்று நினைத்துவிடக் கூடாதே என்று கழுவினேன். கழுவியதால்தான் மருந்து என்று நினைத்தார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“நம்பத்தான் ஆசையா இருக்கு” என்றார் சிஸ்டர். “ஆனா எங்க மடத்துத் தலைவி மதர்கிட்ட நான் பதில் சொல்லணும். சாடிதான்க்கா சாட்சி சொல்லணும்.”

அன்று மதியமே எங்கள் தோட்டத்துக்கு வந்தார். பந்தலில் அவராகவே கொத்தைத் தேர்ந்தெடுத்து வெட்டினார். வீட்டில் பாதியைக் கழுவாமல் பிழிந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றினார். மீதிப் பாதியை என்னிடம் கொடுத்து, “அன்னைக்குச் செஞ்ச மாதிரியே செய்ங்கண்ணே” என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, மஞ்சள் தண்ணீரில் திராட்சையைக் குளிப்பாட்டினேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது. அதையும் பிழிந்து இன்னொரு பாட்டிலில் ஊற்றி, இரண்டு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனார்.

முதல் நாள் போன் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. பழம் போனால் போகிறது, பொய்யன் என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருக்கிறாரே என்பதுதான் அறுத்தது. மூன்றாம் நாள் காலை வாய்க்காலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். பேச்சே இல்லை. ஏதோ முணுமுணுவென்று, சோற்று உலை கொதிக்கப் போகும்போது வருமே, அப்படி ஒரு சத்தம். போன் கெட்டுவிட்டது என்று மனைவியிடம் நீட்டினேன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். முணுமுணு, முணுமுணு, இடையில் ஒரு ‘புளுக்’.

“கேக்குதாண்ணே?” சிஸ்டரின் குரல் துள்ளியது. “பாட்டில் பக்கத்துலதான் போன வச்சிருக்கேன். மூடியத் தள்ளிட்டு மேசையெல்லாம் பொங்கி ஊத்திருச்சு. மதர் என்னைய வையிறாக! குளிச்ச பாட்டில் இன்னும் தூங்கிட்டுக் கெடக்கு. நான் கேட்டதுக்கு மன்னிச்சிருங்கண்ணே.”

“கேக்குது சிஸ்டர். நல்லாக் கேக்குது. நீங்க கேட்டது தப்பே இல்ல, நான்தான் வாயத் தொறந்திருக்கணும். மாசியில மருந்து டப்பாவக் கையில எடுத்தேன், ஆனா அடிக்கல” என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். என் மனைவி பக்கத்தில் நின்று, “ஆத்தாடி, கல்யாணத்தன்னைக்குக்கூட இம்புட்டுப் பேசலயே” என்றாள். போனுக்கு அந்தப் பக்கமும் சிரிப்பு, இந்தப் பக்கமும் சிரிப்பு. வாய்க்கால் தண்ணீர் உடைத்துக்கொண்டு அடுத்த வரப்புக்கு ஓடியதை யாரும் கவனிக்கவில்லை.

சித்திரை பிறந்ததும் மிச்சப் பழத்தை வெட்ட நான்கு சிஸ்டர்கள் கத்திரிக்கோலோடு வந்தார்கள். அங்கியை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாட்டும் பேச்சுமாகப் பந்தலே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. “அண்ணே, அண்டா எங்க? ஒளிச்சு வச்சிட்டீகளா?” என்று ஆளுக்கு ஆள் கிண்டல். அந்தச் சந்தடியில் என் மனைவி கை உயர்த்தி ஒரு கொத்திலிருந்து ஒரு பழத்தைக் கிள்ளினாள். என்னைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டாள். என் கை அசையவில்லை. இன்னொன்றைக் கிள்ளி எனக்கும் நீட்டினாள்.

இப்போது மூன்றாவது வருடமாக எங்கள் பழம் அந்த மடத்துக்குத்தான் போகிறது, மண்ணும் தூசியும் பறவை கொத்திய அடையாளமுமாக. இந்தக் கடிதத்தையும் நான் அழகாக எழுத வேண்டும் என்று நான்கு தடவை கிழித்துப் போட்டேன். ஐந்தாவது தடவை கிழிக்கப் போனபோது என் மனைவி தாளைப் பிடித்துக்கொண்டு, “போதும், இதையாச்சும் கழுவாம அனுப்புங்க” என்றாள். அவள் சொன்னதும் போனில் கேட்ட அந்த முணுமுணுப்பு என் காதில் மறுபடி கேட்டது. கூச்சத்தையும் கோழிக்கிறுக்கலையும் அப்படியே விட்டு உறையை ஒட்டுகிறேன்.

ஆடி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை.