ராஜாத்தி வீட்டுப் பத்தாயம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். 1951 ஐப்பசியில் எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

என் பேர் வேலப்பன். ராயபுரம். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற கூலி. கூட்டாளி தண்டபாணிக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் சின்னமனூர். ஒரு திங்கட்கிழமை, ரங்கூன் கப்பலில் பிண்ணாக்கு மூட்டை அடுக்க இறங்கியவனைக் காணோம். சரக்கு அறையை மூடுமுன் உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அன்றைக்கு நான் பார்க்கவில்லை. மேஸ்திரி கேட்டதும் வேலை போய்விடுமோ என்று பயம். "தண்ணில வுயுந்துட்டான். நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டேன். கடலில் தேடினார்கள். கப்பல் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பிவிட்டது.

அவன் பெண்சாதி ராஜாத்தியிடம் தகவல் சொல்ல என்னையே அனுப்பினார்கள்.

புதன்கிழமை சின்னமனூரில் இறங்கினேன். இரண்டு பக்கமும் மலை, நடுவில் முற்றிய நெல். அறுவடைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அவள் வீட்டு வாசலில் கால் வைக்கும்போது அரிசி மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

கடலில் விழுந்தான், கண்ணால் பார்த்தேன் என்றேன். அவள் அழவில்லை. உள்ளே கையைக் காட்டினாள்.

"அப்ப அதுக்குள்ள யாருண்ணே?"

நெல் கொட்டி வைக்கும் மரப் பத்தாயம். ஆள் உயரம். காலிதான் என்றாள். ஆனால் திங்கட்கிழமை ராத்திரியிலிருந்து உள்ளே தட்டுகிறதாம். திறந்தால் ஒன்றும் இல்லையாம்.

எலியாக இருக்கும் என்றேன்.

டொக்… டொக்…

எலி அப்படித் தட்டாது.

மூடியைத் தூக்கினேன். உள்ளே ஒரு நெல்மணிகூட இல்லை. ஆனால் பிண்ணாக்கு வாடை முகத்தில் அடித்தது… ஈரச் சாக்கு வாடை…

அடியிலிருந்து ஒரு குரல். தொண்டை வறண்ட குரல்.

"வேலு… மூடாத…"

மூடினேன்.

கொண்டியையும் போட்டேன்.

டொக்…

"குரல் கேட்டுச்சாண்ணே?" என்றாள் ராஜாத்தி.

"எனுக்கு ஒண்ணும் கேக்கலம்மா."

ஒன்றரை மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஊருக்கு வந்தும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இருபது நாள் கழித்து அந்தக் கப்பல் திரும்பி வந்தது. அதில் வேலை பார்த்த ஹுமாயூன் சொன்னான். ரங்கூனில் சனிக்கிழமை காலை சரக்கு அறையைத் திறந்தார்களாம். மூடிக்கு நேர் கீழே, மூட்டைகள் மேல் தண்டபாணி. பத்து விரலிலும் நகம் இல்லை.

பார்த்த டாக்டர், உயிர் போய் ஒரு நாள்கூட ஆகவில்லை என்றாராம்.