மீதி புத்தகத்திலே

அடுத்த வீட்டுப் பெண் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள், கவிதையும் எழுதுகிறாள். போன வாரம், அச்சாகி வந்த தன் முதல் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பக்கத்துக்கு நாலே வரி, மீதியெல்லாம் வெள்ளைத் தாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "நீயே ஒண்ணைப் பாடிக் காட்டேன் மக்கா" என்றேன். அவள் கூச்சத்தோடு சிரித்தாள். "இது பாடுறதுக்கில்லம்மா. கண்ணால வாசிக்கணும், மனசுக்குள்ள கேக்கணும்." நானும் மனசுக்குள் கேட்டுப் பார்த்தேன். அடுக்களையில் குக்கர் கூவியதுதான் கேட்டது.

அவள் போனபிறகு புத்தகத்தை விரித்து மூக்கோடு சேர்த்துப் பிடித்தேன். புது மையும் பசையும் கலந்த வாசம். எழுத்து செய்யாததை வாசம் செய்துவிட்டது. சாணித்தாளில் அச்சடித்த, ரோஸ் நிற அட்டை போட்ட, உள்ளங்கை அகலமே உள்ள ஒரு பாட்டுப் புத்தகம் கண்முன்னே வந்து நின்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். சுசீந்திரத்துக்கு மேற்கே, முன்வாசலில் நின்றாலும் வயல், பின்வாசலில் நின்றாலும் வயல் என்று இருந்த ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தேன். நாகர்கோவிலில் மிஷன் பள்ளியில் படித்தவள் என்பதால் அந்த வீட்டுப் பெண்களில் எனக்கு மட்டுமே எழுத்துத் தெரியும். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பஞ்சாங்கம், சாம்பிராணி டப்பா, தைலப் போத்தல் எல்லாம் என்னிடம்தான் வரும். ஒருதடவை போத்தலைப் பார்த்து, "வெளிப்பூச்சுக்கு மட்டும்னு போட்டிருக்கு அத்தை" என்றேன். அத்தை முழங்கால் முட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து முற்றத்துக்குப் போய் உட்கார்ந்தார். "வெளிய வச்சுத்தான் பூசணும்னா பூசு பிள்ளே" என்றார். எழுத்துக்கு அவ்வளவு மரியாதை!

அத்தை என்றால் என் மாமியார். மாமா இல்லை. வயலையும் மாட்டையும் எங்களையும் அவர்தான் மேய்த்தார். வீட்டில் இன்னொருத்தி என் மதினி, என் கணவரின் அண்ணன் மனைவி. அந்த அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போயிருந்தார். முதலில் ஒழுங்காகக் கடிதம் வந்தது. பிறகு எப்போதாவது வந்தது. பிறகு நின்றேபோயிற்று. மதினி பேச்சுக்காரி, அவள் பேசினால் பசு பால் கறக்க மறந்து நிற்கும் என்பார்கள். அவளுடைய பேச்சும் கடிதங்களைப் போலவே குறைந்துகொண்டு வந்தது. நான் அந்த வீட்டுக்குப் போனபோது குளித்தாள், சமைத்தாள், படுத்தாள், அவ்வளவுதான். கொழும்பு என்ற சொல்லையே யாரும் வாயில் எடுப்பதில்லை.

அந்த மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டத்துக்கு மதினியை வற்புறுத்தி வண்டியில் ஏற்றினார் அத்தை. தேர் பார்த்துத் திரும்பும்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. என்ன குரல் என்கிறீர்கள்! வடம் பிடித்தவர்கள் போட்ட சத்தத்தையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு அது தனியாக வந்தது. எட்டிப் பார்த்தால் கொக்கு மாதிரி ஒரு மனிதர், கையில் கஞ்சிரா. கோட்டாற்றுக்காரர். கஞ்சிராப் புலவர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். பாட்டைத் தானே கட்டி, தானே அச்சடித்து, சந்தையிலும் திருவிழாவிலும் பாடி விற்பார்.

அன்றைக்குச் செண்பகவடிவு என்ற பெண்ணின் கதை. அவள் புருஷன் கப்பலேறிப் போகிறான், திரும்பவில்லை. ஊர் அவளைப் பற்றிக் கண்டதையும் பேசுகிறது. புகுந்த வீடு மழையில் வெளியே தள்ளுகிறது. நடந்து நடந்து பழையாற்றங்கரைக்கு வருகிறாள். ஆறு கரைபுரண்டு ஓடுகிறது.

*காலொன்று கரைமேலே, காலொன்று புனல்மேலே,*
*கண்ணீரோ மழைநீரோ, கண்டவர் யாரோடி!*

'யாரோடி' என்று இழுத்தார் பாருங்கள், கூட்டமே மூச்சை உள்ளே வைத்துக்கொண்டது. பட்டென்று கஞ்சிராவை அக்குளில் இடுக்கினார். "மீதி புத்தகத்துலே! ஒரு சக்கரம், ஒரே சக்கரம்!" என்றார். சக்கரம் என்பது அன்றைய திருவிதாங்கூர்க் காசு.

திரும்பிப் பார்த்தேன். மதினி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எத்தனையோ மாதமாக அழாதவள். "ஏட்டி, வாங்குட்டி அதை. அவளுக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும்" என்றாள்.

மறுநாள் சாப்பாடானதும் பின்வாசல் பலாமரத்தடியில் வாசிக்க உட்கார்ந்தேன். கதை முதலிலிருந்தே வேண்டும் என்றாள் மதினி. நானும் மிஷன் பள்ளியில் பழக்கியபடி, புள்ளி கண்ட இடத்தில் நிறுத்தி, தெளிவாக, திருத்தமாக வாசித்தேன். அத்தை சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரத்தில் சுளகு நின்றது. "ஏட்டி, என்னத்துக்கு இப்பிடித் தாசில்தார் கச்சேரி உத்தரவு வாசிக்க மாதிரி வாசிக்கே? அவன் பாடும்ப மழை பெஞ்சுது. நீ வாசிக்கும்ப மழைன்னு ஒரு வார்த்தைதான் இருக்கு."

எனக்கு ரோஷம். ஆனால் அவர் சொன்னது நிஜம். அதே எழுத்து, அதே வரி. நேற்றுத் தேரடியில் நனைந்துபோய் நின்றவள் இன்று என் கையில் உலர்ந்து கிடந்தாள்.

அப்படியே ஆற்றங்கரைக்கு வந்தோம். வாசிக்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வாய்க்கு முன்னால் கண் ஓடிவிடும். என் கண் அடுத்த வரிக்கு ஓடிற்று.

*பாய்ந்தாளே பழையாற்றில் பாவை செண்பகம்!*

அதற்கப்புறம் ஊர் கூடிப் பிணத்தை எடுப்பதும் ஒப்பாரியும்தான். நிமிர்ந்தேன். மதினி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகத்தின் முடிவில் தன் முடிவைத் தேடுகிறாள் என்பது அந்தப் பார்வையில் எழுதியிருந்தது. "இங்கண மை அப்பிக் கெடக்கு அத்தை. ஒண்ணும் தெரியல்ல" என்று புத்தகத்தை மூடினேன்.

"அதுக்கென்ன? பாடினவனையே கூட்டிட்டு வந்தாப் போச்சி" என்றார் அத்தை.

தை பிறந்ததும் வண்டிக்காரரை வடசேரிச் சந்தைக்கு அனுப்பி ஆளைக் கொண்டுவந்தே விட்டார். சேதி பரவி, அக்கம்பக்கத்துப் பெண்களும் வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவர்களும் சேறு காயாத காலோடு பலாமரத்தடிக்கு வந்துவிட்டார்கள். புலவரைத் தனியே பிடித்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்று மோர் கொண்டுபோனேன். அத்தை செம்பை வாங்கி அவரே கொடுத்தார். தாம்பூலம் கொண்டுபோனேன். அதையும் வாங்கிக்கொண்டார்.

புலவர் ஆரம்பித்தார். செண்பகம் மறுபடி கப்பலைப் பார்த்துக் கையசைத்தாள். மறுபடி மழை. ஆற்றங்கரை வந்ததும் பழக்கதோஷத்தில் கஞ்சிராவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "மீதி புத்தகத்…" என்று ஆரம்பித்துவிட்டார். பெண்கள் எல்லாரும் சேர்ந்து அதட்டியதில் பலாமரத்துக் காகங்கள் எழுந்து பறந்தன.

"கோவிச்சுக்கிடாதீங்க தாயி" என்று தலையைச் சொறிந்தார் அந்த மனுஷர். "மீதியை நான் எங்கயும் பாடினதே இல்லை. பாடிட்டா எவன் பொஸ்தகம் வாங்குவான்? எழுதி அச்சாபீசுல குடுத்ததோட சரி. ஒரு வரிகூட ஞாபகமில்லை."

பாடியவருக்கே மீதி தெரியாது! சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அத்தை என்னைப் பார்த்தார். "பொஸ்தகத்தை எடுத்துட்டு வாட்டி. மை அப்பினது போக உள்ளதைச் சொல்லிக்குடு. அவரு பாடட்டும்."

புத்தகத்தோடு புலவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கஞ்சிரா மெல்ல நடந்தது. அவர் என் பக்கம் காதைச் சாய்த்தார். மதினி தூணில் சாய்வதுபோல மரத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். என் எதிரே 'பாய்ந்தாளே' என்ற எழுத்து. என் வாயில் வந்ததோ வேறு.

*"அக்கரையில் ஒருவிளக்கு அசைந்துவரக் கண்டாள்."*

கஞ்சிரா ஒரு தட்டுத் தவறிற்று. புலவர் என்னைப் பார்த்தார். செண்பகம் செத்துப்போனது அவருக்கு மறந்திருக்குமா? பெற்றவரல்லவா! பிறகு அவர் பார்வை மெல்லத் திரும்பி மதினியின் முகத்தில் போய் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார். பாடினார்.

நான் கொடுத்தது ஒற்றை வரி. அவர் அதை வைத்து எங்களை அரைமணி நேரம் ஆற்றங்கரையில் நிறுத்திவைத்தார். விளக்கா, விடிவெள்ளியா என்றார். விளக்குத்தான். காற்றில் அணைகிறது. இல்லை, ஒரு கை அதைப் பொத்துகிறது. அந்தக் கையில் ஒரு மோதிரம். மோதிரத்தில் ஒரு கல். கல்லின் நிறத்தைச் சொல்லாமல் திரும்பத் திரும்ப 'கல்லைக் கண்டாள், கல்லைக் கண்டாள்' என்று சுற்றிவந்தார். அந்த வர்ணமெட்டு அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்கமாட்டார், அங்கேயே பிறந்தது அது. களை பறிக்க வந்தவர்கள் கைதட்டிப் பின்பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள். நான் சும்மா பக்கத்தைப் புரட்டுவதுபோல நடித்துக்கொண்டிருந்தேன்.

அவன் முகத்தைக் காட்டுவதற்கு முன்னாலேயே மதினி எழுந்து கத்திவிட்டாள். "அவ்வோதான்! வந்தாச்சு! அவ்வோதான்!"

சிரிப்பும் அழுகையுமாக அங்கே நடந்த அமர்க்களத்தை என்னால் எழுத வராது. அன்றைக்கு மதினி ஒரு ஆள் சோற்றுக்கு மேலேயே சாப்பிட்டாள். சாயங்காலம் தொழுவத்தில் அவள் பசுவோடு பேசுகிற சத்தம் கேட்டது.

புலவருக்கு நெல் அளக்கும்போது அத்தை என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "ஏட்டி, அந்த விளக்கு பொஸ்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு?"

நான் புத்தகத்தை இறுக்கி மூடிப் பிடித்தேன். அத்தை மரக்காலில் இன்னொருதரம் கூம்பாச்சியாக, தலைதட்டாமல், நெல்லை வாரி அவர் சாக்கில் கொட்டினார். புலவர் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். "இது இங்க இருக்கப்பிடாது தாயி. வேற கொண்டாந்து தாறேன்."

ஆவணியில் கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்த சமயத்தில் கொழும்பிலிருந்து அண்ணன் வந்தார். காய்ச்சலில் விழுந்து, கடை மாறி, எழுதித்தர ஆள் இல்லாமல் கிடந்தாராம். ஒரு தகரப்பெட்டி, ஒரு குடை, மஞ்சள் பூத்த முகம். விளக்குமில்லை, மோதிரமுமில்லை. பட்டப்பகலில் நடுங்கிக்கொண்டு வரப்பில் வந்தார். பாட்டுக்கும் அவர் வந்ததற்கும் சம்பந்தம் ஏது? ஆனால் மதினியிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள் பார்ப்போம். அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே என் காதில் சொன்னாள்: "பாட்டுல வந்தவரு இன்னும் கொஞ்சம் ஒயரம்."

அடுத்த தேரோட்டத்துக்கு எல்லாரும் போனோம். புலவர் அதே இடத்தில் நிறுத்தி, "மீதி புத்தகத்துலே!" என்றதும், மதினி கூட்டத்துக்குள்ளிருந்து, "நான் சொல்லுகேன், கேளுங்க!" என்று குரல்கொடுத்தாள். புலவர் ஓடிவந்து கும்பிட்டார். "தாயி, என் பொழப்பைக் கெடுத்துராதீங்க!" மறு அச்சுப் போட்ட புத்தகம் ஒன்றை என்னிடம் தந்தார். அவசரமாகப் புரட்டினேன். என் வரி இருந்தது. கொடியில் உலரப்போட்ட ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. இதற்கா அத்தனை பேர் அழுதார்கள் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

புலவர் அதற்குப் பிறகு சில வருஷங்கள்தான் திருவிழாக்களுக்கு வந்தார். தேரடியில் இப்போது ஒலிபெருக்கி பாடுகிறது. ஒரு சக்கரம் என்றால் பிள்ளைகள் வண்டிச் சக்கரத்தைச் சொல்கிறார்கள். பாட்டு மட்டும் மதினியிடம் வெகுகாலம் இருந்தது. நெல் அவிக்கும்போது, பிள்ளையைக் குளிப்பாட்டும்போது, கோபம் வந்தால்கூட அதுதான். வார்த்தைகளை நாளாவட்டத்தில் விட்டுவிட்டாள். வெறும் மெட்டு மட்டும் வாயில் ஓடிக்கொண்டிருக்கும். அண்ணன் திரும்பியபின் பிறந்த மகளுக்குச் செண்பகம் என்று பேர் வைத்தாள்.

மதினி போய் இரண்டு வருஷமாகிறது. செண்பகம் இந்தப் பொங்கலுக்கு வந்திருந்தாள். "சித்தி, அம்மை எப்பவும் பாடுமே, ஆத்தங்கரைப் பாட்டு, அதைக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றாள். எனக்கு ஒரு வரிகூட மறக்கவில்லை. காலொன்று கரைமேலே தொடங்கி, விளக்கு, கை, மோதிரம், கல் என்று முழுசும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இது வார்த்தை சித்தி. அம்மை பாடினது எப்பிடிப் போகும்?"

முதலிலிருந்து இன்னொருதடவை சொல்லிப் பார்த்தேன்.